கொண்டைக்குருவியின் பெயரும் ஊரும்

ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன். எங்கள் பாடசாலை நூலகத்திற்கு அன்பளிப்பாக வந்த பழைய ஆங்கிலப் பறவை நூல் ஒன்று மேசையிற் கிடந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஒரு படத்தில் விரலை வைத்தபடி என்னிடம் வந்தான். உச்சியிற் கறுப்பும் வெள்ளையும் கலந்த கூரிய குடுமியுடன் ஒரு சின்னஞ்சிறு குருவி, பைன் மரக் கிளையில் இருந்தது. பிரித்தானியாவில் இப்பறவை ஸ்கொட்லாந்தின் வடபகுதிக் காடுகளில் மட்டுமே வாழ்கின்றது என்றும், ஸ்ட்ரத்ஸ்பே என்னும் பள்ளத்தாக்கில் இதைக் காணலாம் என்றும் கீழே எழுதியிருந்தது.

"சேர், ஸ்ட்ரத்ஸ்பே எங்க தோட்டந்தானே? எங்க தோட்டத்துல இந்தக் குருவி இல்லையே!" என்றான்.

அவன் சொன்னதிற் பிழையில்லை. மஸ்கெலியாவுக்கு அப்பால், அப்கோட் பக்கத்தில் ஸ்ட்ரத்ஸ்பே என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அவனைப் பொறுத்தவரையில் உலகத்தில் ஸ்ட்ரத்ஸ்பே ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் கடல் கடந்து வந்தது என்று அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் என் இளமையில் எவரும் சொல்லவில்லை. பட்டப்படிப்புக்குப் பேராதனை சென்ற பின்னரே, எங்கள் மலைகளின் பெயர்களெல்லாம் வேறு மலைகளின் பெயர்கள் என்று நான் அறிந்தேன்.

ஸ்ட்ரத் என்றால் ஸ்கொட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் ஆற்றோடு கூடிய அகன்ற பள்ளத்தாக்கு. ஸ்பே என்பது அந்த ஆற்றின் பெயர். ஹட்டனுக்கு அருகிலுள்ள ஸ்ட்ரத்டன் என்னும் தோட்டத்தின் பெயரும் இவ்வாறே அமைந்தது. நானுஓயாவில் எடின்பரோ உண்டு; பூண்டுலோயாவில் டன்சினன் உண்டு. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இங்கு வந்த துரைமாரிற் பெருந்தொகையினர் ஸ்கொட்லாந்தினர். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், 1852 இல் பதினாறு வயதுப் பையனாக அந்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர். ஊரை விட்டு வந்தவன் ஊரின் பெயரை எடுத்து வருவது உலக வழக்கு. எங்கள் பாட்டன்மாரும் எடுத்து வந்தார்கள். ஆனால் அவர்களிடம் பெயர் வைப்பதற்கு நிலம் இருக்கவில்லை. சாமிக்கும் பிள்ளைக்கும் வைத்தார்கள்.

அந்தப் படத்திலிருந்த பறவை, நம்மூர்ப் பட்டாணிக்குருவியின் இனத்தைச் சேர்ந்தது. கொண்டை வைத்த பட்டாணிக்குருவி என்று சொன்னால் மலையகத்தார் விளங்கிக்கொள்வர். பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. குளிருக்குப் பயந்து தெற்கே ஓடுகின்ற வழக்கம் இதற்கில்லை. பனி மூடினாலும் பிறந்த காட்டிலேயே பூச்சியையும் விதையையும் தேடி உண்டு காலந்தள்ளும். பட்டுப்போய் நிற்கும் பைன் மரத்தின் உளுத்த தண்டைக் குடைந்து கூடு செய்யும். ஆகவே பழைய காடு இருந்தால்தான் இதற்கு வாழ்வு. ஸ்கொட்லாந்து மலைநாட்டை ஒரு காலத்தில் மூடியிருந்த பைன் காடு, நூற்றாண்டுக் கணக்காக மரத்துக்கும் ஆட்டு மேய்ச்சலுக்குமாக அழிக்கப்பட்டு, இன்று மிகச் சிறு பகுதியே எஞ்சியிருக்கின்றது. அந்த எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு இந்தக் குருவியும் எஞ்சியிருக்கின்றது. ஆடு மேய்ப்பதற்காக அங்கே குடியானவர்களையும் குடிசைகளிலிருந்து எழுப்பினார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் நம் துரைமாரின் முன்னோருக்கும் இடம்பெயர்வு புதிதல்ல என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வடபுலத்துக் காடுகளில் கொண்டையுள்ள இன்னொரு பறவையும் உண்டு. காட்டுப் பழங்களை நம்பி வாழ்கின்ற அது, பழம் குறைந்த ஆண்டுகளில் பெருங்கூட்டமாகத் தெற்கே வந்துவிடும். அப்படி எதிர்பாராமல் வந்ததைக் கண்ட ஒல்லாந்தர், கொள்ளைநோயின் முன்னறிவிப்பென்று அஞ்சி அதற்குக் கொள்ளைநோய்ப் பறவை என்றே பெயரிட்டனர். இன்றும் அவர்கள் மொழியில் அதன் பெயர் அதுதான். பசியோடு வந்த பறவைக்குக் கிடைத்த பெயரைப் பாருங்கள்.

இனி நம்முடைய கொண்டைக்குருவிக்கு வருவோம்.

தமிழில் கொண்டை என்பது முடிந்த கூந்தல். குடுமி, சிகை, சூட்டு என்று வேறு சொற்களும் உண்டு. சேவலின் தலையிலிருப்பதைச் சூட்டு என்பது பழைய வழக்கு. சங்கப் பாடல்களிற் சிறு பறவை குரீஇ எனப்படும். அதுவே பின்னாளிற் குருவியாயிற்று. தமிழ்நாட்டில் பல இடங்களிற் சின்னான் என்றழைக்கப்படும் பறவையைத்தான் நாம் கொண்டைக்குருவி என்கின்றோம். சிங்களவர் கொண்டயா என்கின்றனர். இரு மொழியும் ஒரே கொண்டையைத்தான் கண்டிருக்கின்றன. கரிய தலை, உச்சியிற் சிறிது தூக்கிய மயிர், பழுப்பு உடலிற் செதில் போன்ற வரி, வாலடியில் குங்குமம் தடவியது போன்ற சிவப்பு. தோட்டத்திற் பிறந்த எவருக்கும் இதை விவரிக்கத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள கொய்யா மரத்தில் விடியற்காலையில் முதலாவதாகக் குரல் கொடுப்பது இதுதான். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் எங்கள் அம்மாயி மணிக்கூட்டைப் பார்த்ததில்லை. இக்குருவியின் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பை மூட்டுவார்.

இந்தப் பறவைக்கு ஐரோப்பிய அறிஞர்கள் வைத்த பெயரின் வரலாறு வேடிக்கையானது. வேடிக்கை என்று மட்டும் சொல்லி நகர முடியாததும் ஆகும். 1760 ஆம் ஆண்டில் பிரிசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பறவைகளைப் பற்றி எழுதிய பெருநூலில் இதனையும் விவரித்தார். அவருக்குக் கிடைத்த மாதிரி நன்னம்பிக்கை முனையிலிருந்து, அதாவது ஆபிரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டார். ஆறு ஆண்டுகளின் பின், 1766 இல், உயிரினங்களுக்கெல்லாம் இலத்தீன் பெயரிட்ட லின்னேயஸ் அதை நம்பி, தென்னாபிரிக்கக் கரையைச் சேர்ந்தது என்ற பொருளில் 'காஃபர்' என்று பெயர் சூட்டினார். ஆனால் இப்பறவை ஆபிரிக்காவில் இயற்கையாக வாழ்வதே இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இவற்றை அடுத்த நாடுகளிலும் வாழ்வது. கீழைத் தேசத்திலிருந்து போன கப்பல்கள் அம்முனையில் தங்கிச் செல்வது அக்கால வழக்கு. வழியிற் கண்ட துறையைப் பிறந்த ஊரென்று பதிந்துவிட்டார்கள் போலும்.

பிழை தெரிந்தது, பெயர் மாறவில்லை. முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்பது விலங்கியலாரின் சட்டம். ஆகவே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், எங்கள் கொய்யா மரத்துக் குருவி அறிவியல் ஏட்டில் ஆபிரிக்கப் பறவையாகவே இருக்கின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் புல்புல் என்ற பெயரும் இரவற் பெயர்தான். பாரசீகத்தில் புல்புல் என்பது கவிஞர்கள் பாடுகின்ற இராக்குயில் வகை. அது முற்றிலும் வேறு பறவை.

பிறந்த மண்ணைத் தவறாகப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்புக்கு அத்தாட்சி காட்டு என்றது. பிறப்பைப் பதிந்து பத்திரம் வைத்திருக்கின்ற வழக்கம் லயத்தில் எத்தனை பேரிடம் இருந்தது? ஏழு இலட்சம் அளவிலான மக்கள் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேர் பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டு, பத்தாண்டுகள் கழித்து 1974 இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பங்கிடப்பட்டனர். இது அனைவரும் அறிந்த வரலாறு. இதனை இங்கு ஏன் எடுத்தேன் என்றால், எங்கள் வீட்டில் அந்த ஒப்பந்தத்தோடு கொண்டைக்குருவியும் சம்பந்தப்பட்டிருக்கின்றது.

அம்மாயியின் கூடப்பிறந்த தங்கை, சின்னம்மாயி, இந்தியாவுக்கு என்று பதியப்பட்ட குடும்பத்திற் போனவர். தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திற் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தோட்டத் திட்டம் அங்கே இருந்தது. போன சில மாதங்களில் யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் ஒன்று வந்தது. அது எங்கள் தகரப் பெட்டியில் நெடுங்காலம் கிடந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியபோது அதைத்தான் அம்மாயிக்குப் பல முறை வாசித்துக் காட்டினேன். குளிர் இங்கேயும் அதேதான்; கொழுந்தும் அதேதான்; நம்மை இவர்கள் சிலோன்காரர் என்கின்றார்கள் என்று எழுதிவிட்டு, இடையில் ஒரு செய்தி வரும்: இங்கேயும் கொண்டைக்குருவி இருக்கின்றது, ஆனால் கொண்டை நம்முடையதைப் போலன்றி நட்டமாக நிற்கின்றது, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, ஆரம்பத்திற் பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

சிறுவனாக இருந்தபோது இது கற்பனை என்றே எண்ணினேன். பின்னர் நூல்களைப் பார்த்தபோது சின்னம்மாயி கண்டது சரி என்று அறிந்தேன். செம்மீசைச் சின்னான் என்று தமிழ்நாட்டில் இன்று எழுதுகின்றார்களே, அந்தப் பறவைதான் அது. நீலகிரியில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. இலங்கையில் இயற்கையாக இல்லாதது. எழுத்தறியாத ஒரு கொழுந்துக்காரி, கடலுக்கு இக்கரையில் இல்லாத பறவை அக்கரையில் இருப்பதைக் கண்டு எழுதுவித்திருக்கின்றார். பறவையியலார் செய்யும் வேலை வேறென்ன? 1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றுபோயிற்று. கடிதங்களும் குறைந்து நின்றன.

கொண்டைக்குருவியும் கப்பலேறிய கதை உண்டு. பசிபிக் சமுத்திரத்தின் பீஜித் தீவுகளுக்கு இப்பறவையை இந்திய ஒப்பந்தக் கூலிகளே 1903 ஆம் ஆண்டளவிற் கொண்டு சென்றனர் என்று கூறப்படுகின்றது. சென்னையிலிருந்து பீஜிக்குக் கூலிக் கப்பல்கள் புறப்படத் தொடங்கியதும் அதே 1903 இல்தான். பாரதியார் எந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக நெஞ்சு பதைத்துப் பாடினாரோ, அந்தத் தோட்டங்கள்தாம். கையிலிருந்த மூட்டையோடு ஒருவர் ஏன் குருவிக் கூண்டையும் தூக்கிச் சென்றார் என்று எண்ணிப் பார்க்கின்றேன். விடியற்காலையிற் கேட்டுப் பழகிய குரல் ஒன்று வேண்டும் என்றிருக்கலாம். போன பறவை பெருகிற்று. பழந்தின்று விதை பரப்பி, பயிருக்கும் கேடு செய்து, உலகில் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. அப்பட்டியலிற் பறவைகள் மூன்றே மூன்று. நம்ம மைனாவும் அதில் ஒன்று. தோட்டக்காரர்களின் முறைப்பாடு உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. இங்கேயும் உண்ணிச்செடியின் விதையை ஊரெங்கும் விதைப்பதில் இக்குருவிக்குப் பங்குண்டு. ஆயினும் அங்கே அது தானாகப் போகவில்லை என்பதையும் பட்டியலின் ஓரத்திலே யாராவது எழுதி வைக்கலாம்.

நிற்க. இந்த மலைகளில் இன்னொரு கொண்டைக்குருவி இருக்கின்றது. அதைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி என்று அதனைச் சொல்லலாம். உடல் பச்சையும் மஞ்சளும் கலந்தது, முகம் கரியது, காதருகே மஞ்சள் மயிர்க் கற்றை, கண் முன்னே வெள்ளைக் கற்றை. உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இல்லை. இலங்கையிலும் மத்திய மலைநாட்டின் உயர்ந்த காடுகளும் அவற்றின் ஓரங்களுமே இதன் வீடு. சிங்களத்தில் கஹ கொண்டயா. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பிளைத், 1851 இல் இதற்கு இலத்தீன் பெயர் வைத்தார். 'பெனிசில்லாற்றஸ்', சிறு தூரிகையை உடையது என்று பொருள். காதுக் கற்றையைக் கண்டு வைத்த பெயர். இதில் ஊர்ப் பிழையொன்றும் நேரவில்லை.

அக்காலத்தில் நுவரெலியாவில் வைத்தியராகக் கடமையாற்றிய கேலார்ட் என்பவர், இந்நாட்டிலேயே பிறந்தவர், 1852 இல் இலங்கையின் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக் என்பவரின் பெருநூல் 1878 முதல் 1880 வரை வெளிவந்தது. பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தேடித் தந்த அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். கோப்பித் துரை ஒருவரான பிளை என்பவரின் பெயரை மலையருவிகளில் வாழும் நீலப் பறவை ஒன்றுக்கு 1872 இல் சூட்டினார்கள். இன்னும் பல பறவைகள் துரைமாரினதும் படை அதிகாரிகளினதும் பெயர்களைச் சுமந்து திரிகின்றன. பெட்டி சுமந்தவன், புதருக்குள் புகுந்து விழுந்த பறவையை எடுத்து வந்தவன், கூடு இருந்த மரத்தைக் காட்டியவன் ஆகியோரின் பெயரில் ஒரு பறவையும் பறக்கவில்லை.

அந்த நூல்கள் எழுதப்பட்ட அதே ஆண்டுகளிற்றான் காடு விழுந்துகொண்டிருந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் திறந்தார். பேர்ட் என்றால் ஆங்கிலத்திற் பறவை. பெயர் பொருந்தியதென்று சொல்ல மனம் வரவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கி விற்பனைக்கு வழி திறந்தது. கண்டிக் கிராமத்தவர் தம் சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் அதனால் இழந்தனர். காடு வெட்டிய முறையை அக்கால வெள்ளையர் வியந்து எழுதியிருக்கின்றனர். சரிவின் கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்திவிடுவார்கள். பாதி வெட்டிய மரங்கள் காட்டோடு காடாக நிற்கும். கடைசியில் உச்சியிலுள்ள பெரிய மரங்களை முழுவதும் வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ளதன் மேல் விழ, அது அதற்குக் கீழுள்ளதன் மேல் விழ, கொடிகள் இழுக்க, ஒரு மலைச்சரிவே பேரிரைச்சலோடு கண்முன்னே படுத்துவிடும். கோடரி வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் செய்தனர். காய்ந்தபின் தீ வைத்ததும், சாம்பலுக்குள் குழி வெட்டியதும், கன்று நட்டதும், மன்னாரிலிருந்து மாத்தளைக் காட்டு வழியாக நடந்து வந்து, வழியிற் செத்தவர்கள் போக மிஞ்சிய நம் முன்னோர்.

கூடுகள் எத்தனை விழுந்தன என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்கே நேரான கணக்கு இல்லையல்லவா?

1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கோப்பி மாண்டது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பி ஏறாத உயரத்துக்கும் தேயிலை ஏறும். அது ஏறியிருந்தால் உச்சிவரை ஏறியிருக்கும். 1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. ஆற்றின் தலைக்காடு போனால் கீழே தண்ணீர் போகும் என்பதே காரணம், குருவிக்காகச் செய்ததல்ல. உத்தரவு எல்லா இடத்திலும் ஒழுங்காகக் காக்கப்பட்டதென்று, நுவரெலியாவைச் சுற்றியுள்ள தேயிலையைப் பார்த்தவர் சொல்லார். ஆயினும் ஹோர்ட்டன் சமவெளியும் பீதுருதலாகலைக் காடும் சிவனொளிபாத மலைக் காடும் இன்றளவும் எஞ்சியிருப்பதில் அந்த ஆண்டுக்கு ஒரு பங்குண்டு. 1988 இல் ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டுக் காடுகள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

நுவரெலியா நகரின் நடுவே, விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 60 ஆம் ஆண்டை முன்னிட்டு 1897 இல் பெயர் பெற்ற பூங்காவும் ஒரு விந்தையான இடம். காஷ்மீரத்துக் காடுகளில் முட்டையிடும் செம்மார்பு ஈபிடிப்பான் ஒன்று ஒக்டோபரில் அங்கே வந்து, மார்ச் கடைசியில் வடக்கே திரும்பிவிடும். இமயமலைக் காடுகளின் வெள்ளையுங் கறுப்புமான பூங்குருவியும் வரும். சித்திரைக் கொண்டாட்டத்துக்குக் கொழும்பார் வரும்போது இவை புறப்பட்டிருக்கும். குதிரைப் பந்தயம் பார்ப்பவர்களுக்கும் இவற்றுக்கும் அவ்வளவாகச் சந்திப்பில்லை. வெளிநாட்டார்தாம் தொலைநோக்கியோடு, சாக்கடை ஓரத்திலே, ஆடாமல் அசையாமல் நிற்பர்.

மஞ்சள் காதுக்காரி எங்கும் போவதில்லை. ஸ்கொட்லாந்தின் அந்தக் குடுமிக் குருவியைப் போலவே இருந்த இடத்தில் இருப்பவள். ஆனால் ஒரு வித்தியாசம்: காடு சுருங்கியபோது தேயிலை மலையின் ஓடையோரத்தையும், பங்களாத் தோட்டத்தையும், மரக்கறிப் பாத்தியின் வேலியையும் சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டாள். தாழ்நிலத்துச் சிவப்பு வாலடிக்காரியோ மனிதரின் பின்னாலேயே மலைக்கு ஏறி வந்தவள்; லயத்துக் கூரைக்கும் அஞ்சாதவள். எங்கள் மலையில் இரண்டும் ஓரே கொய்யா மரத்திற் சில நாட்களிற் சந்திக்கும். சண்டை பிடித்ததை நான் கண்டதில்லை.

என் தாயார் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தபோது அதில் ஐயாயிரம் ரூபாத் தாள்கள் இருந்தன. 2011 இல் புழக்கத்துக்கு வந்த அந்தத் தாளை நேயர்கள் எடுத்துப் பாருங்கள். அதில் அச்சிடப்பட்டிருப்பது இந்த மஞ்சள் காதுக் கொண்டைக்குருவிதான். பக்கத்திலே மஸ்கெலிய ஓயாவை மறித்துக் கட்டிய கென்யன் அணைக்கட்டின் படமும் இருக்கின்றது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஏழாம் நம்பர் மலைக் குருவியில்ல இது? இதுக்கு ஐயாயிரமா?" என்றார். 2021 இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அப்போதும் ஐந்து நாள் மலையேறி இறங்கினால் ஒரு கொண்டைக்குருவி.

ஏழாம் நம்பர் மலையின் நினைவொன்று எனக்கும் உண்டு. கவ்வாத்துக் காலம். எனக்குப் பத்து வயதிருக்கும், தேத்தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் நிரையில் எல்லாச் செடியையும் வெட்டிக்கொண்டு வந்தவர், ஒரு செடியை மட்டும் வெட்டாமல் தாண்டிப் போனார். உள்ளே கிண்ணம் போன்ற சிறு கூடு. கோரைப்புல்லும் சிலந்தி நூலும் கொண்டு பின்னியது. இளஞ்சிவப்பில் புள்ளி தெறித்த முட்டைகள் இரண்டு இருந்தன. "இன்னும் ரெண்டு கிழமையில பொரிச்சிரும்யா, அப்பறம் வந்து வெட்டிக்கிறேன்" என்று அவர் சொன்னதைக் கங்காணி கேட்கவில்லை. நிரையிற் செடி விட்டதற்காக அன்று அவருக்கு அரைப்பேர் விழுந்தது. மறுநாட் காலையில் அந்தச் செடி வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது அவரா வேறொருவரா என்று நான் கேட்கவில்லை. பின்னாளிற் பாடம் நடத்துகையில், பறவைக் குஞ்சைப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் சொல்லலாம் என்னும் தொல்காப்பிய மரபியல் இலக்கணம் வரும்போதெல்லாம் அந்த மொட்டைச் செடிதான் எனக்கு ஞாபகத்துக்கு வரும். மனிதக் குழந்தைக்கு வைத்த பிள்ளை என்ற சொல் பறவைக்கும் உரியது என்று இலக்கணம் விதித்திருக்கின்றது. கங்காணியின் செக்ரோலில் அதற்கு இடமில்லை.

மாணவனுக்கு இவ்வளவும் ஒரே மூச்சிற் சொல்ல முடியுமா? உங்கள் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது, அந்தக் குருவி அங்கேயே நின்றுவிட்டது என்று மட்டும் அன்று சொன்னேன். வகுப்பு முழுவதற்கும் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். தங்கள் தோட்டத்திற் காணும் பறவைகளின் பெயர்களை, புத்தகத்தைப் பார்க்காமல், வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். பலர் பத்துப் பன்னிரண்டு பெயர் எழுதி வந்தனர். ஒரே பறவைக்கு மூன்று தோட்டத்தில் மூன்று பெயர் இருந்தது. அவற்றையெல்லாம் ஒரு கொப்பியிற் பிரதி செய்து வைத்திருக்கின்றேன்.

கேள்வி கேட்டவன் மட்டும் வெறுங்கையோடு எழுந்து நின்றான்.

"ஏன்டா எழுதல்ல?"

"இஸ்தோப்புல லைட்டு ஹோல்டருக்கு மேல கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கு சேர். மூணு முட்டை. அப்பாயி ராவையில லைட்டுப் போட விடமாட்டேங்கிறாங்க. பொரிச்சதும் எழுதிட்டு வாறேன்."

இரண்டு கிழமை தவணை கொடுத்திருக்கின்றேன்.